ரோட்டுல கொஞ்சம் நிக்கும்

2025 மே மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, என் வீட்டை விலைக்குக் கேட்டு வந்த ஒரு தம்பதியிடம் நான் சொன்ன வாக்கியம் இன்றுவரை என்னை விட்டுப் போகவில்லை. அக்கினி நட்சத்திரம் நடந்துகொண்டிருந்த நாட்கள். தார் இளகும் வெயிலில் தரகருடன் வந்திறங்கிய இருவரும் வீட்டை ஒரு மணி நேரம் சுற்றிப் பார்த்தார்கள். கணவர் கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டார்: போர் எத்தனை அடி, கோடையில் வற்றுமா, பட்டா யார் பெயரில் இருக்கிறது, வீட்டு வரி ரசீது உண்டா, மேலே இன்னொரு தளம் எழுப்ப அஸ்திவாரம் தாங்குமா. எல்லாவற்றுக்கும் ஒளிவுமறைவின்றிப் பதில் சொன்னேன். புறப்படும்போது, வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்த அவருடைய மனைவி நிமிர்ந்து, “இங்க மழைக்குத் தண்ணி நிக்குமாண்ணே?” என்று கேட்டார். “ரோட்டுல கொஞ்சம் நிக்கும்மா. ஒரு மணி நேரத்துல வடிஞ்சிரும்” என்றேன்.

அவர்கள் போன பிறகு கேட்டைச் சாத்தும்போதுதான் அது என்னுடைய வாக்கியமே இல்லை என்பது நினைவுக்கு வந்தது. 2009இல் இந்த மனையைப் பார்க்க நான் வந்த நாளில், மனை பிரித்து விற்றவரின் ஆள் ஏறக்குறைய இதே இடத்தில் நின்று என்னிடம் சொன்னது அது. ‘மா’ இருக்கும் இடத்தில் அன்று ‘சார்’ இருந்தது. மற்றபடி ஒரு சொல்லும் மாறவில்லை. பதினாறு வருடங்கள் எனக்குள்ளேயே பத்திரமாகக் கிடந்து, தேவைப்பட்ட நேரத்தில் தானாக வாயில் வந்து நின்றிருக்கிறது.

பொய் என்று பிடித்துக் காட்ட அதில் எதுவும் இல்லை. தெருவில் தண்ணீர் நிற்கும் என்பது உண்மை. பெரும்பாலான மழைகளுக்கு அது வடிந்துவிடும் என்பதும் உண்மை. நான் சொல்லாமல் விட்டது 2024 அக்டோபர் 25ஆம் தேதியை. அந்தத் தேதி சுவரில் விட்டுப்போன அடையாளத்தை அவர்கள் வருவதற்கு நான்கு நாட்களுக்கு முன்னால்தான் மறைத்திருந்தேன். வேலைக்கு வந்த பெயிண்டர் முன்னறைச் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்து, “சார், இந்தக் கோட்டுக்குக் கீழ பூரா ஓதம் அடிச்சிருக்கு. சொரண்டிட்டுப் பட்டி பாக்கணும். அப்படியே அடிச்சா அடுத்த மழைக்கே உப்புப் பூத்துரும்” என்றார். அடுத்த மழைக்குள் வீட்டை விற்றுவிடுவதாக இருக்கிறேன் என்று அவரிடம் சொல்லவில்லை. சுரண்டச் சொன்னேன்.

லயத்தை யாரும் பார்த்து வாங்குவதில்லை

இதற்கெல்லாம் முன்னால் நான் எந்தப் பக்கம் நின்று பேசிக்கொண்டிருந்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். 2024 ஜூலை 30 அதிகாலையில் வயநாட்டின் முண்டக்கையையும் சூரல்மலையையும் மண்சரிவு அடித்துக்கொண்டு போனபோது, எங்கள் தெருமுனை டீக்கடையில் செய்தித்தாளை விரித்து வைத்துக்கொண்டு உரக்கத் தீர்ப்புச் சொன்னவர்களில் நானும் ஒருவன். மலைச்சரிவில், அதுவும் ஆற்றுக்குப் பக்கத்தில், எதற்காகப் போய் வீடு கட்ட வேண்டும்? கட்டிவிட்டு, போனதும் அரசாங்கத்தைக் குறை சொன்னால் எப்படி? தெரிந்தே தலையைக் கொடுத்தவர்களுக்கு ஊரார் வரிப்பணம் எதற்கு? இவ்வளவையும் நான் சொல்லி முடிக்கும்வரை பேசாமல் டீ ஆற்றிக்கொண்டிருந்த மாஸ்டர், கிளாசை என் முன்னால் வைத்துவிட்டு, “லயத்த யாரும் பாத்து வாங்குறதில்ல அண்ணாச்சி. குடுக்குறதுதான்” என்றார். அவர் கயத்தாறு பக்கத்துக்காரர். 2020 ஆகஸ்ட் 6ஆம் தேதி இரவில் மூணாறுக்கு அருகே பெட்டிமுடியில் மலை சரிந்து தேயிலைத் தொழிலாளர் லயங்கள் புதைந்தபோது இறந்த 70 பேரில் கயத்தாற்றைச் சொந்த ஊராகக் கொண்ட குடும்பங்கள் பல இருந்தன. அவருக்கு அதில் யார் போனார்கள் என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. கேட்கும் யோக்கியதை அப்போது எனக்கு இல்லை.

லயத்தைப் பற்றித் தெரிந்தவர்களுக்கு அவர் சொன்னது புரியும். வேலை இருக்கும்வரை வீடு. வேலை முடிந்தால் வீட்டைக் காலி செய்ய வேண்டும். தலைமுறை தலைமுறையாகக் கொழுந்து பறித்தவர்களுக்கும் காலடி மண் தங்களுடையது கிடையாது. அந்த மலையின் மடிப்பில் எந்த இடத்தில் வரிசை வீடு கட்டுவது என்று அவர்களை யாரும் கேட்டதும் இல்லை. ‘ஏன் அங்கே இருந்தீர்கள்?’ என்ற கேள்விக்கு, வேறு எங்கேயாவது இருந்திருக்க முடியும் என்று ஓர் அர்த்தம் உண்டு. வேறு இடம் இருந்தவனிடம் மட்டுமே அந்தக் கேள்வியைக் கேட்க முடியும். நான் அன்று டீக்கடையில் தேடிக்கொண்டிருந்த அந்த ஆள், பெஞ்சில் நான் உட்கார்ந்திருந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தான். அது எனக்குத் தெரிய இன்னும் மூன்று மாதம் பாக்கி இருந்தது.

மதுரைக்காரர்களுக்கு வெள்ளம் என்றால் ஒரு அலட்சியம் உண்டு என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம். வெள்ளம் என்பது சென்னைக்காரர்களின் நோய் என்று 2015 டிசம்பரில் நாங்கள் பேசிக்கொண்டோம். எங்கள் ஆற்றில் அழகர் இறங்குவதற்கே அணையிலிருந்து தண்ணீர் திறந்துவிட வேண்டியிருக்கிறது. வைகை அணை கட்டி முடித்த 1959க்குப் பிறகு பிறந்தவர்களுக்கு ஆறு என்பது பெரும்பாலும் மணலும் கோரையும் மாடு மேயும் இடமும்தான். ஊரின் பெயர்களைப் பார்த்தாவது எங்களுக்கு உறைத்திருக்க வேண்டும். மாடக்குளம், பீபீகுளம், ஆத்திகுளம், தல்லாகுளம், உலகனேரி என்று பஸ்ஸில் நடத்துநர் கூவுவதைக் கேட்டபடியே இறங்குகிறோம். மாடக்குளத்தில் இன்றும் கண்மாய் இருக்கிறது, சில இடங்களில் பெயர் மட்டும் மிஞ்சியிருக்கிறது.

நஞ்சை

என் அப்பா மேலூர்ப் பக்கம் பெரியாற்றுத் தண்ணீரில் ஒருபோகம் நெல் விளைவித்தவர். 2009இல் மனையைப் பார்க்க அவரையும் அழைத்து வந்தேன். மஞ்சள் பெயிண்ட் அடித்த எல்லைக்கற்களையும், செம்மண் கொட்டிய தெருக்களையும், வாசலில் கட்டியிருந்த வளைவையும் அவர் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. நேராக நடந்து போய் வடக்கே இருந்த கண்மாய்க் கரையில் ஏறி நின்றுகொண்டார். வயலுக்குத் தண்ணீர் விடும் மடை எந்த இடத்தில் இருக்கிறது, மிகுதித் தண்ணீர் வழியும் கலுங்கு எங்கே, அதிலிருந்து மறுகால் எந்தப் பக்கமாக இறங்குகிறது என்று கையை நெற்றியில் வைத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். இறங்கி வந்ததும், நான் வாங்கப்போகிற மூன்றரை சென்ட்டில் செருப்பு நுனியால் ஒரு மண்கட்டியைப் பெயர்த்துக் காட்டினார். கறுப்பு மண், உள்ளே மக்கிய நெல் தாளின் வேர் இன்னும் இருந்தது. “டேய், இது மடைக்குக் கீழ இருக்குற நஞ்சைடா. தண்ணி இங்க வரணும்னுதான இத்தன வேலையும் பாத்து வச்சிருக்கானுங்க” என்றார்.

கண்மாய் அன்று காய்ந்து கிடந்தது. உள்வாய் முழுக்கச் சீமைக் கருவேலம். நடுவே வெட்டிய இடத்தில் பையன்கள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். “கண்மாயே காஞ்சு கெடக்கு, நீங்க வேற” என்று சிரித்தேன். அவர் மறுபடி அதைப் பற்றிப் பேசவில்லை. கிரகப்பிரவேசத்துக்கு வந்து பாலைக் குடித்துவிட்டுப் போனார். 2016இல் இறந்தும் போனார்.

அவர் சொன்னதன் முழு அர்த்தம் எனக்குப் பிடிபட இத்தனை வருடம் ஆகியிருக்கிறது. மதுரையைச் சுற்றியுள்ள நாடு முழுவதும் மேட்டிலிருந்து பள்ளத்துக்குக் கண்மாய்களைக் கோத்து வைத்த நாடு. மேல்கண்மாய் நிறைந்தால் மிகுதி கலுங்கு வழியாக மறுகால் பாய்ந்து அடுத்த கண்மாய்க்குப் போகும். அது நிறைந்தால் அதற்கடுத்தது. கடைசியில் வைகைக்கோ வேறொரு ஓடைக்கோ போய்ச் சேரும். கரைக்குக் கீழே இருக்கும் நிலத்துக்கு மடை வழியாகத் தண்ணீர் வந்தே தீர வேண்டும் என்பதற்காகத்தான் ஒவ்வொரு அடி மட்டமும் பார்த்து வைக்கப்பட்டிருக்கிறது. எனவே என் வீட்டுக்குள் தண்ணீர் வந்ததை இயற்கைப் பேரிடர் என்று சொல்ல எனக்குக் கூச்சமாக இருக்கிறது. யாரோ மிகுந்த கவனத்துடன் செய்து வைத்த ஏற்பாடு ஒன்று, மராமத்து இல்லாமல் துருவேறிக் கிடந்தும், ஒரு நாள் தன் வேலையைச் செய்தது, அவ்வளவுதான்.

நான் ஆக்கிரமிப்பாளன் கிடையாது என்பதையும் பதிவு செய்துவிடுகிறேன், ஏனென்றால் பல வருடங்கள் அந்த எண்ணத்தின் மேல்தான் நிம்மதியாகப் படுத்துத் தூங்கினேன். கண்மாய்க்குள் வீடு கட்டியவர்களை அகற்ற 2007இல் ஒரு சட்டம் வந்தது. நான் கட்டியது கரைக்கு வெளியே, கண்மாய்ப் பாசன நிலமான ஆயக்கட்டில், பட்டா நிலத்தில். அங்கீகாரமில்லாத மனைகளை வரன்முறை செய்ய 2017இல் விதிகள் வந்தபோது முதல் ஆளாகப் போய்ப் பணம் கட்டி அதையும் நேர் செய்துகொண்டேன். காகிதத்தில் என் மேல் ஒரு புள்ளி கறை கிடையாது. ஆனால் பக்கத்து மேட்டு நகரைவிட எங்கள் மனை சென்ட்டுக்கு 40,000 ரூபாய் மலிவாகக் கிடைத்தது. மூன்றரை சென்ட்டுக்கு 1,40,000 ரூபாய். அது ஏன் மலிவு என்று நான் யோசிக்கவில்லை என்று சொன்னால் அது சுத்தப் பொய். யோசித்தேன், காரணமும் தெரிந்தது, அந்தப் பணத்தில் வீட்டுக்குத் தேக்கு வாசற்கால் வைத்தேன்.

முப்பது வருட வில்லங்கம்

2024 அக்டோபர் 25 வெள்ளிக்கிழமை. தீபாவளிக்கு ஆறு நாட்கள் இருந்தன. அன்று மதுரையில் சுமார் 10 செ.மீ. மழை, அதில் பெரும்பங்கு பிற்பகலில் கொஞ்ச நேரத்துக்குள் கொட்டியது. செல்லூர்க் கண்மாயும் பந்தல்குடி வாய்க்காலும் தாங்காமல் செல்லூர், கட்டபொம்மன் நகர்ப் பகுதிகளில் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்ததைத் தொலைக்காட்சியில் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். எங்கள் பகுதி தொலைக்காட்சியில் வரவில்லை. நாலரை மணிக்கு மனைவி போன் செய்து, “பாத்ரூம் ஓட்ட வழியாத் தண்ணி வருதுங்க” என்றாள். வாசல் வழியாகத்தான் வெள்ளம் வரும் என்று அதுவரை நினைத்திருந்தேன். வண்டியை எங்கோ நிறுத்திவிட்டு இடுப்பளவுத் தண்ணீரில் நடந்து நான் வந்து சேர்ந்தபோது, பிரிட்ஜ் சாய்ந்து மிதந்துகொண்டிருந்தது. அரிசி மூட்டை ஊறிப் பருத்திருந்தது. மகள் கட்டிலின் மேல் தீபாவளித் துணிப் பைகளை மடியில் வைத்துக்கொண்டு சத்தமில்லாமல் உட்கார்ந்திருந்தாள். கட்டும்போது தெருவிலிருந்து மூன்று படி ஏறிப் போக வேண்டிய வீடு அது. பழைய சாலையைச் சுரண்டாமல் அதன் மேலேயே மூன்று முறை புதிய சாலை போட்டதில் இப்போது ஒரு படிதான் மிச்சம்.

மறுநாள் தெருவில் எல்லோரும் கூடி மறியல் செய்தோம். நானும் நின்றேன், குரல் கொடுத்தேன். அதில் தவறில்லை என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். தூர்வாராத வாய்க்காலும் மேடேறிய சாலையும் நான் செய்தவை கிடையாது. ஆனால் மறியல் முடிந்து வந்து, பீரோவின் அடித்தட்டில் நனைந்துபோன பத்திரங்களை ஒவ்வொரு தாளாகப் பிரித்து, கொடிக்கயிற்றில் கிளிப் போட்டு மின்விசிறிக்குக் கீழே தொங்கவிட்டபோது ஒன்றைக் கவனித்தேன். வங்கிக் கடனுக்காக நான் வாங்கிய வில்லங்கச் சான்று அதில் இருந்தது. 1979 முதல் 2009 வரை முப்பது வருடங்கள். 1987இல் ஒரு கிரயம்; 1996இல் அண்ணன் தம்பிகளுக்குள் ஒரு பாகப்பிரிவினை; இடையில் பயிர்க்கடனுக்காக ஓர் அடமானம், அது தீர்ந்த ரசீது. வங்கியின் வக்கீல் அதைப் படித்து ‘வில்லங்கம் ஏதுமில்லை’ என்று எழுதிக் கையெழுத்திட்டிருந்தார்.

அன்று மாலை பழைய ஊரிலிருந்து கீரை கொண்டு வரும் பாட்டி, சேறு படிந்த எங்கள் வாசலில் கூடையை இறக்காமலேயே நின்று, “தொண்ணூத்தி மூணுல இதுக்கு மேல வந்துச்சுய்யா. அப்ப இங்க ஆரு இருந்தா? நெல்லுதான் நின்னுச்சு” என்றார். நான் உள்ளே திரும்பி, கொடியில் ஆடிக்கொண்டிருந்த தாள்களைப் பார்த்தேன். 1993 அந்த முப்பது வருடங்களுக்குள்தான் வருகிறது. ஒரு நிலத்தை யார் யாருக்கு விற்றார்கள், எத்தனை ரூபாய்க்கு அடகு வைத்தார்கள் என்றெல்லாம் எழுதி வைத்த பதிவேட்டில், அதன் மேல் எவ்வளவு தண்ணீர் நின்றது என்று எழுத ஒரு கட்டம் இல்லை. கீரைக்காரப் பாட்டிக்குத் தெரிந்திருக்கிறது. ஐம்பது ரூபாய்க்குக் கீரை வாங்கி, இரண்டு வார்த்தை கேட்டிருந்தால் 2009இலேயே எனக்கும் சொல்லியிருப்பார்.

பங்கு

வைகைக் கரை உடைந்து, வீட்டுக்கு ஒரு பங்கு என்று அளந்து விட்ட கதையை எங்கள் ஊரில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. ஆவணி மூலத்துக்குப் புட்டுத்தோப்புக்குப் போய்த் தள்ளுமுள்ளில் நின்று பார்த்து வளர்ந்தவன் நான். அந்தக் கதையில் எனக்குச் சின்ன வயதிலிருந்தே உறுத்துவது பிரம்படி கிடையாது, அந்த அளவு. பிள்ளைகுட்டி இல்லாமல், புட்டு விற்றுப் பிழைக்கும் வந்திக்கும், ஆள் அம்பு உள்ளவனுக்கும் கரையில் ஒரே பங்குதானா? அளந்து விட்டவர்கள் ஒரு கணம் அவள் முகத்தைப் பார்த்திருந்தால் கூலியாளாக வர ஒரு கடவுளே தேவைப்பட்டிருக்காது. ‘ஆபத்தான இடத்தில் இருப்பவர்கள் தங்கள் பொறுப்பை உணர வேண்டும்’ என்று பொதுவாகச் சொல்கிறவர்கள் எல்லோரும் அதே அளவுகோலைத்தான் கையில் வைத்திருக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. வாய்க்கால் ஓரத்தில் தகரம் வேய்ந்து இருப்பவருக்கும், லயத்தில் இருந்தவருக்கும், தேக்கு வாசற்கால் வைத்தவனுக்கும் ஒரே பங்கு.

ஆனால் பங்கே கிடையாது என்று சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை. கண்மாய்க் கரை ஊராருடையதாக இருந்த காலத்தில், குடிமராமத்து என்று வீட்டுக்கு ஓர் ஆள் மண்வெட்டியோடு போக வேண்டும். கரை உடையும் ஆபத்து வந்தால் ஊராரைக் கட்டாயமாக வேலைக்கு அழைக்க 1858இல் சென்னை மாகாணத்தில் ஒரு சட்டமே போட்டார்கள். அந்தக் கட்டாயத்தில் கொடுமையும் இருந்திருக்கும். யார் மண் சுமந்தார்கள், யார் நின்று வேலை வாங்கினார்கள் என்பதை நாம் ஊகிக்கலாம். எங்கள் நகரில் இருநூறு வீடுகள் இருக்கின்றன. கரை எங்களுக்கு நடைப்பயிற்சிக்கான இடம். கலுங்கில் எத்தனை கல் என்று எண்ணிப் பார்த்தவர் ஒருவரும் கிடையாது. கையில் காசு சேர்ந்தவர்கள் வீட்டை ஜாக்கி வைத்து நான்கு அடி தூக்கிவிடுகிறார்கள். புதிதாகக் கட்டுபவர்கள் கிராவல் கொட்டி மனையையே மேடாக்கிவிடுகிறார்கள். அவர்கள் மனையில் நின்றிருக்க வேண்டிய தண்ணீர், தூக்காத வீட்டைத் தேடிப் போகிறது. எங்கள் தெருவில் தூக்காத வீடுகளில் ஒன்று என்னுடையது. அதனால்தான் விற்க முடிவு செய்தேன்.

அந்தத் தம்பதி வந்து போன இரவு, மனைவியிடம் விஷயத்தைச் சொன்னேன். அவள் பாத்திரம் துலக்கிக்கொண்டே, “நாம வாங்கும்போது யாராச்சும் நமக்குச் சொன்னாங்களா?” என்றாள். நியாயமான கேள்வி. நானே அதைத்தான் எனக்குள் சொல்லிச் சமாதானமாகியிருந்தேன். விற்றவன் என்னிடம் மறைத்தான், நான் அடுத்தவரிடம் மறைக்கிறேன், அவர் அதற்கடுத்தவரிடம் மறைப்பார். கண்மாய் நிறைந்து மறுகால் போவதைப் போல இதுவும் ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் போய்க்கொண்டிருக்கும். “யாரும் சொல்லல” என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் வாயில் வந்தது, “அப்பா சொன்னாரு” என்பது. அவள் குழாயை நிறுத்தினாள். திரும்பிப் பார்க்கவில்லை. எனக்கும் அதற்கு மேல் பேச ஒன்றும் இல்லை. செருப்பு நுனியால் பெயர்த்த அந்த மண்கட்டியும், அதில் இருந்த நெல் வேரும், நான் சிரித்த சிரிப்பும் அப்படியே கண் முன்னால் நின்றன. ஏமாற்றப்பட்டவன் என்ற இடத்தில் என்னை வைத்துக்கொண்டு இத்தனை மாதங்கள் மறியலிலும் மனுவிலும் பேசிவந்திருக்கிறேன். ஏமாற்றப்பட்டவன்தான், ஆனால் அதற்கு முன்பே எச்சரிக்கப்பட்டவன். இந்தப் பெண்ணுக்கு அப்படிக் கரையில் ஏறிப் பார்த்துச் சொல்ல யார் இருக்கிறார்கள்?

நான்கு நாட்கள் கழித்துத் தரகரிடம் அவர்கள் எண்ணைக் கேட்டேன். விவரத்தைச் சொன்னதும் அவர், “சார், கேட்டதுக்குப் பதில் சொன்னாப் போதும். கேக்காததுக்கெல்லாம் நாமளா போய்ச் சொன்னா மதுரைல ஒரு வீடு விக்காது” என்றார். கேட்டார்களே என்றேன். எண்ணைக் கொடுத்துவிட்டு, கமிஷன் இனி வராது என்று தெரிந்தவர் போல ஒரு பெருமூச்சு விட்டார். நான் பேசியது அந்தப் பெண்ணிடம். 2024 அக்டோபரைச் சொன்னேன், கீரைக்காரப் பாட்டி சொன்ன 1993ஐச் சொன்னேன், பெயிண்ட் அடித்ததையும் சொன்னேன். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “உள்ள எவ்ளோ ஒசரம் நின்னுச்சுண்ணே?” என்று கேட்டார். சுவரில் கோடு இப்போது இல்லை. ஆனால் மீட்டர் பெட்டிக்குப் பின்னால், பெயிண்டரின் பிரஷ் நுழையாத நான்கு விரற்கடை இடத்தில் அது அப்படியே இருந்தது. டேப் வைத்து அளந்து, பதினேழு அங்குலம் என்றேன். “எங்க பட்ஜெட்டுக்கு மத்த எடமெல்லாம் இதவிடப் பள்ளமா இருக்கு” என்றார். இந்தப் பதிலுக்கு நான் தயாராக இருக்கவில்லை. உண்மையைச் சொன்னால் என் பொறுப்பு முடிந்துவிடும் என்று ஏதோ ஒரு கணக்குப் போட்டிருந்தேன் போலிருக்கிறது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மறுபடி வந்தார்கள். இந்த முறை தரகர் இல்லை. அந்தப் பெண்ணின் தகப்பனார் வந்திருந்தார். வேட்டியை மடித்துக் கட்டிய, உசிலம்பட்டிப் பக்கத்து விவசாயி. வீட்டுக்குள் வாருங்கள் என்றதற்கு, இருக்கட்டும் என்று கையைக் காட்டிவிட்டு, நேராகக் கண்மாய்க் கரைக்கு நடந்து போய் ஏறி நின்றார். நானும் பின்னாலேயே போனேன். வெகுநேரம் ஒன்றும் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தவர், “மடையும் கலுங்கும் தெரியுது தம்பி. மறுகால் எங்கிட்டுப் போகுது?” என்று கேட்டார்.

அவர்கள் வந்த ஆட்டோ நின்றுகொண்டிருந்த இருபது அடித் தெருவைக் காட்டினேன்.